இடப்பக்கத்து அங்கவடி

நான் எழுதிய பதினொரு அட்டைகள் சிவப்புப் பென்சில் கோட்டோடு திரும்பி வந்தன. ஒன்று இரண்டு என்றால் பொறுத்திருப்பேன். பதினொன்று. அதுவும் நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்து, மற்றப் பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்புக் கோடு இழுத்தவளின் மேசையில் இன்னொருத்தி சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறாள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

கோபத்தில் ‘இன்னொருத்தி’ என்று எழுதிவிட்டேன். அவர் என் மேலதிகாரி. ஐம்பத்தைந்து வயதுக் கனேடியப் பெண்மணி. நரைத்த குட்டை முடி, கழுத்தில் நூலில் தொங்கும் கண்ணாடி, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாத வாய். ரொறன்ரோ நகரின் நடுவில் இருந்த ஒரு சிறிய நூதனசாலையின் நிலவறையில், பழைய உலோகப் பொருட்கள் முழுவதும் அவருடைய பொறுப்பு. தொண்ணூறுகளில் ஒரு பனிக்காலம். நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றில் என்னை அவரிடம் மூன்று மாதத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று மாதம் முடிய, பிடித்திருந்தால் நிரந்தரமாக எடுப்பார்கள். பிடிக்காவிட்டால் கை குலுக்கி, நன்றிக் கடிதம் ஒன்றைத் தந்து, வந்த வழியே அனுப்புவார்கள்.

வந்த வழி என்றால் ஸ்காபரோவில் ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கு மூடி செய்யும் ஃபக்டரி. அங்கே ஒன்றரை வருடம் நின்றேன். வேலை பாரமில்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை என்பது இந்த நாட்டுப் படிவங்களுக்கு விளங்குவதில்லை. கணவரின் பெயரை என் பெயருக்குப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். அதனால் ஃபக்டரியில் காலையிலிருந்து பின்னேரம்வரை அவருடைய பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். மூடி கோணலாக விழுந்தால் அவருடைய பெயருக்குத்தான் ஏச்சு. வீட்டில் சொன்னால் சிரிப்பார்.

“அப்ப நான் பேக்கரியிலையும் நிக்கிறன், ஃபக்டரியிலையும் நிக்கிறன். நல்ல உழைப்பாளிதான்.”

“நீங்கள் நிண்டால் தெரியும். என்ரை காலல்லோ நோகுது.”

நூதனசாலையில் எனக்குக் கொடுத்த வேலை அட்டை எழுதுவது. ஒரு பொருளுக்கு ஓர் அட்டை. என்ன பொருள், என்ன உலோகம், எத்தனை அங்குலம், எங்கே கிடைத்தது, எதற்குப் பயன்பட்டது. அட்டையின் வலது பக்கக் கீழ் மூலையில் தபால் தலை அளவில் ஒரு பெட்டி. அந்தப் பொருளை இன்னதென்று தீர்மானித்தவர் தன் பெயரின் முதலெழுத்துகளை அதற்குள் போடவேண்டும். சுவரில் ஆறு விதிகள் தட்டச்சில் ஒட்டியிருந்தன. நான்காவது விதி: பயிற்சிக்கு வந்தவர்கள் அந்தப் பெட்டியை வெறுமையாக விடவேண்டும். நான் எழுதுவேன், அவர் சரிபார்த்து அவருடைய எழுத்துகளைப் போடுவார்.

எனக்கு அந்தப் பெட்டிமேல் ஆசை வந்துவிட்டது. நிரந்தர வேலை என்றால் என்ன, சம்பளம் என்றால் என்ன, அதெல்லாம் பிறகு. அந்த மூலையில் என் எழுத்து விழவேண்டும். இந்த நாட்டில் ஒரு விஷயத்தைப் பார்த்து, இது இன்னதுதான் என்று நான் சொல்லி, ஒருவர் அதை ஏற்றுக்கொள்ளவேண்டும். வீடு இருந்த வெக்ஸ்போர்ட்டிலிருந்து பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதே யோசனைதான்.

என்னிடம் தந்தவை இரண்டு மரப்பெட்டிகள். இரண்டுக்குள்ளும் இங்கிலாந்து மண்ணில் கிடைத்த, ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முந்திய குதிரைச் சாமான்கள். கடிவாளத் துண்டுகள், வாரில் தொங்கவிடும் பதக்கங்கள், எல்லாவற்றையும்விட அதிகமாகப் பெருவிரல் நீளத்தில் வெண்கலத் தகடுகள். பச்சைக் களிம்பு பிடித்திருந்தாலும் அழகுக்குக் குறைவில்லை. வாலைத் தானே கடிக்கும் சிங்கம், கழுத்துப் பின்னிய இரண்டு பாம்புகள், உருண்டைக் கண்ணும் கூர்த்தாடியும் கொண்ட ஒரு முகம். ஒவ்வொன்றின் அடியிலும் சின்ன மடிப்பு. மேலும் கீழும் ஆணி போன ஓட்டைகள்.

முதல் பெட்டி, முறைப்படி குழி வெட்டி ஆராய்ந்த ஒரு பல்கலைக்கழகக் குழுவினுடையது. அந்த ஆராய்ச்சிக்கு உதவி செய்ததற்காக நூதனசாலைக்கு அதில் ஒரு பங்கு கிடைத்திருந்தது. ஒவ்வொரு தகட்டோடும் ஊர், இடம், எத்தனை அடி ஆழம் என்று குறிப்பு இருந்தது. இரண்டாவது பெட்டி ஒரு தனி மனிதருடையது. இங்கிலாந்தில் பிறந்து, ரொறன்ரோவில் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். விடுமுறைக்கு விடுமுறை பிறந்த ஊர்ப்பக்கம் போய், உலோகம் தேடும் கருவியைத் தோளில் கொளுவிக்கொண்டு வயல் வயலாக நடந்து பொறுக்கியவை. ஆறு வருடத்துக்கு முன்னர் நூதனசாலைக்கு இனாமாகக் கொடுத்திருந்தார். தகடு இருந்தது, குறிப்பு இல்லை.

அந்த மனிதருக்கும் என் மேலதிகாரிக்கும் ஆகாது. எங்கே எடுத்தது என்று தெரியாத பொருள் தனக்கு வெறும் பித்தளை என்பார் மேலதிகாரி. எங்கே எடுத்தேன் என்று எனக்குத் தெரியும், இவர்களுக்குச் சொல்லத்தான் மாட்டேன், சொன்னால் அடுத்த நாளே கயிறு கட்டிக் குழி வெட்ட வந்துவிடுவார்கள் என்பார் அவர். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தொப்பியோடு வந்து, தன் பெட்டி சுகமாக இருக்கிறதா என்று விசாரிப்பார். மேலதிகாரி என் பக்கம் திரும்புவார். அவருக்குச் சொல்லுங்கள், இவரிடம் கேளுங்கள் என்று இரண்டு பேரும் என்னை நடுவில் வைத்தே கதைத்தார்கள், சண்டை பிடித்த புருஷன் பெண்சாதி மாதிரி.

இனி அந்தப் பதினொரு அட்டைகளுக்கு வருகிறேன். இந்தத் தகடுகளை முன்னர் புத்தக மட்டையிலோ நகைப்பெட்டியிலோ பதித்தவை என்று நினைத்திருந்தார்களாம். பிறகுதான் அவை அங்கவடியின் மேல் பொருத்தியவை என்று கண்டார்கள். அங்கவடி என்றால் குதிரையில் இருப்பவர் கால் வைக்கும் இரும்பு வளையம். அந்த வளையமும் அதைத் தாங்கும் தோல் வாரும் சேரும் இடத்தை இந்தத் தகடு மூடும். பழைய அட்டைகளைத் திருத்தி எழுதுவதே என் வேலை. மேலதிகாரி படங்களோடு ஒரு தாளும் தந்திருந்தார். நான் அதை வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

சிங்கமும் பாம்பும் காலடியில் இருக்கட்டும். அந்த முகம்? அது யாரோ ஒரு புனிதரோ தெய்வமோ. புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற ஆட்கள் நாங்கள். ஒரு முகத்தை, அதுவும் கும்பிடுகிற முகத்தை, சேறும் சாணியும் மிதித்த காலுக்குப் பக்கத்தில் எந்த மனிதன் கொண்டுபோய் வைப்பான்? தாள் எழுதியவருக்கு விளங்கவில்லை என்று தீர்மானித்தேன். முகம் உள்ள பதினொன்றையும் புறம்பாக எடுத்து, ‘புத்தக மட்டை அல்லது பேழை, திருமுகமாதலால் காலருகே வைத்திருக்கமாட்டார்கள்’ என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதிக் கொடுத்தேன்.

பதினொன்றிலும் அந்தக் கடைசி வரியின் கீழே சிவப்புக் கோடு. பக்கத்தில் ஒரே கேள்வி: ‘யாருடைய விதி?’

நான் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன். என் ஆங்கிலம் புத்தக ஆங்கிலம். கோபம் வந்தால் இன்னும் திருத்தமாக வரும். இது என்னுடைய விதி மட்டுமல்ல, மரியாதை தெரிந்த எல்லோருடைய விதியும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அடி மடிப்பில் இரும்புக்கறை இருக்கிறதா?”

“இருக்கிறது.”

“புத்தகத்தில் இரும்பு எங்கிருந்து வந்தது?”

நான் கையிலிருந்த அட்டையைப் புரட்டினேன்.

“நீங்கள் பொருளைப் பார்க்கவில்லை. அதன் முகத்தை மட்டும் பார்த்தீர்கள். இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. இப்படியே போனால் நான் என்ன எழுதி அனுப்பவேண்டியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.”

தெரியும். மூடி ஃபக்டரியில் மேற்பார்வையாளர் எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். பஸ்ஸில் அன்றைக்கு நான் அழுதேன். பக்கத்தில் இருந்த பிலிப்பீன்காரப் பெண் ஒரு டிஷ்யூ தந்தாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். என் பக்கம் நிற்பார் என்று பார்த்தால், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“நீர் எப்பவாவது குதிரையைக் கிட்ட நிண்டு பாத்திருக்கிறீரே?”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“இல்லை, சும்மா கேக்கிறன். தோசைக்கல்லைக் காணாதவள் தோசைக்குப் பிழை சொல்லுற கதையாய்க் கிடக்கு.”

“நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடுங்கோ.”

சாப்பிட்டார். சாப்பிட்டு முடிய, தன்னோடு முன்னர் ஒரே அறையில் இருந்த நெடுந்தீவுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே ஒரு குதிரைப் பண்ணையில் வேலை செய்தார். என்னைவிட இரண்டு வயது இளமை, என்னை அக்கா என்பார். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து நெடுந்தீவில் குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிவதால், அந்த ஊர் ஆள் என்றதும் பண்ணைக்காரி அவரை உடனே வேலைக்கு எடுத்துவிட்டாளாம். உண்மையில் ஊரில் அவர் ஒரு குதிரையையும் தொட்டது கிடையாது.

“அங்கை குதிரையும் நிக்கும், நாங்களும் நிப்பம் அக்கா. ஒருதரை ஒருதர் தொந்தரவு செய்யிறேல்லை. பழகினதெல்லாம் இஞ்சை வந்துதான்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே வடக்கே காரை விட்டோம். நான் கோயிலுக்கு உடுத்த சேலையோடு. நிலத்தில் பாதி உருகிய பனியும் சாணியும். நெடுந்தீவுக்காரர் தேவாலயத்தில் ஞாயிறு காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து வேலை உடுப்போடு நின்றார். தொழுவத்துச் சுவரில் சேணங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு வார், இரண்டு அங்கவடி. நான் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வளையத்தின் மேலே வார் நுழையும் இடம். அங்கேதான் என் தகடு இருந்திருக்கவேண்டும். பார்த்தேனே தவிர, மனம் இன்னும் ஆறவில்லை.

“ஏறிப் பாத்தாத்தான் விளங்கும்,” என்றார் அவர்.

“சேலையோடையோ?”

கணவர் சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்புத்தான் என்னை ஏற்றியது. நெடுந்தீவுக்காரரின் இன்னொரு வேலை உடுப்பை வாங்கி, சேலையை இடுப்பில் சுருட்டி, அதற்கு மேலாலேயே மாட்டினேன். எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. எதற்கும் அசையாத ஒரு கிழட்டுப் பெண்குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் கிட்டப் போய் வலப்பக்கம் நின்றேன். நல்ல காரியம் வலப்பக்கத்தாலேதானே.

“உந்தப் பக்கம் இல்லை அக்கா. குதிரையிலை இடப்பக்கத்தாலைதான் ஏறுறது.”

“ஏன்?”

“எல்லாக் குதிரையும் அப்பிடித்தான் பழகியிருக்கு. முந்தி இடுப்பிலை வாள் கட்டுற காலத்திலை இருந்தாம்.”

இடக்காலை அங்கவடியில் வைத்து, சேணத்தைப் பிடித்து உன்னினேன். என் முழுப் பாரமும் அந்த ஒரு வாரில் தொங்கியது. தோல் முறுகும் சத்தம் கேட்டது. கணவர் பின்னாலிருந்து தள்ள, இரண்டாம் தரம் ஏறிவிட்டேன். ஏறியவுடன் நான் பார்த்தது குதிரையின் காதையோ தூரத்துப் பனி வயலையோ அல்ல. கீழே என் காலைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற கணவரின் நெஞ்சுக்கு நேரே இருந்தது என் கால். அங்கவடியின் மேல்முனை அவருடைய சட்டைப் பைக்கு நேரே வந்தது. அந்தத் தகடு அங்கே இருந்திருந்தால், அதில் உள்ள முகம் நிலத்தில் நிற்கிற ஒவ்வொருவரையும் நேருக்கு நேர் பார்த்திருக்கும். மிதிபடுகிற இடம் இல்லை அது. ஊர் முழுவதும் பார்க்கிற இடம். நான் எழுதியது முழுப் பிழை என்று குதிரையின்மேல் இருந்தபடியே சொன்னேன். பிழை என்று சொல்ல எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது அதுதான் முதல் தடவை.

“எழுதித் தாரும்,” என்றார் கணவர். “பதினைஞ்சு வருசத்திலை முதல்தரம்.”

இறங்கி உடுப்பை மாற்றிவிட்டு வரும்போது, நெடுந்தீவுக்காரர் இரண்டு வார்களை ஓர் ஆணியில் சேர்த்துத் தொங்கவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்று மற்றதைவிட இரண்டு விரல் நீளம்.

“இதென்ன, சோடி மாறிப்போச்சோ?”

“இல்லை அக்கா, சோடிதான். நீளமாய் நிக்கிறது இடப்பக்கத்து வார். ஏறேக்கை முழுப்பாரமும் அதிலைதானே விழுறது. இழுபட்டுப் போகும். நான் இடைக்கிடை இடம் வலம் மாத்திப் போடுறனான்.”

நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். காரில் வரும்போது முழு வழியும் அதே யோசனை. தோல் இழுபடும் என்றால் அதைப் பிடித்திருந்த ஆணியும் இழுபடும். ஆணி இழுபட்டால் தகட்டின் ஓட்டையும் இழுபடும்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றேன். உள்ளே போனதும் இரண்டு பெட்டியையும் திறந்தேன். முகம் பார்ப்பதை விட்டுவிட்டு ஓட்டை பார்த்தேன். உருப்பெருக்கியின் கீழே ஒவ்வொன்றாக வைத்து, ஓட்டை வட்டமாக இருந்தால் வலது தட்டு, இழுபட்டு நீண்டிருந்தால் இடது தட்டு. ஓட்டை உடைந்தவற்றைப் புறம்பாக வைத்தேன். இரண்டு நாள் இதே வேலை. கழுத்து ஒரு பக்கம் திரும்பாமல் போனது. வீட்டில் கணவர் நோவுக்குச் சித்தாலேபத் தைலம் பூசிவிட்டார்.

புதன்கிழமை, குழி வெட்டியவர்களின் பெட்டியில் இருந்த கூர்த்தாடி முகம் ஒன்றை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் ஓட்டை நன்றாக இழுபட்டிருந்தது. தாடிக்குக் கீழே, இடப்பக்கமாக, கடுகளவில் ஒரு பொட்டு. வேண்டுமென்று வைத்த பொட்டு அல்ல. அச்சில் சின்ன ஓட்டை ஒன்று இருந்து, உருகிய வெண்கலம் அதற்குள் போய் உறைந்த பிழை. இந்தக் கடுகை நான் முன்னர் எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

வலது தட்டைத் தேடினேன். லிஃப்ட்காரரின் பெட்டியில் இருந்து வந்த தகடு. அதே கண், அதே கூர்த்தாடி, அதே இடத்தில் அதே கடுகு. ஆனால் ஓட்டை வட்டமாக, புதிது போல இருந்தது. களிம்பும் வேறு நிறம், இது கறுப்பு, அது பச்சை. அதனால்தான் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அளந்தேன். மயிரிழைகூட வித்தியாசமில்லை. இரண்டையும் ஒரு துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இடப்பக்கத்து அங்கவடியும் வலப்பக்கத்து அங்கவடியும். மேலதிகாரியைக் கூப்பிட்டேன்.

மேலதிகாரி பத்து நிமிடம் குனிந்து பார்த்தார். நான் பண்ணைக்குப் போன கதையைச் சொன்னேன், சேலையை மட்டும் விட்டுவிட்டு.

“ஒரே மாதிரியை வைத்து வார்த்தவை. ஒப்புக்கொள்கிறேன். இடம் வலம் என்பதும் நல்ல யோசனை,” என்றார். “ஆனால் அந்தப் பட்டறையில் இதே போலப் பத்துச் செய்து பத்துப் பேருக்கு விற்றிருக்கலாம். இவை இரண்டும் ஒரே சேணத்தில் இருந்தவை என்று எப்படிச் சொல்வீர்கள்? ஒன்றுக்கு ஊர் தெரியும். மற்றதற்கு ஒன்றும் தெரியாது.”

“தெரிந்த ஆள் இருக்கிறார்.”

“அவர் சொல்லமாட்டார். நான் ஆறு வருடமாகக் கேட்டுவிட்டேன்.”

“நான் இன்னும் கேட்கவில்லையே,” என்றேன்.

வந்த செவ்வாய்க்கிழமை அவருக்குக் காய்ச்சலாம், வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வரும்போது எனக்குக் கடைசிக் கிழமை. அந்த வெள்ளியோடு மூன்று மாதம் முடிகிறது. மேலதிகாரி நன்றிக் கடிதத்துக்கு உறை எடுத்து வைத்திருந்ததை நான் கண்டேன். அது எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு லிஃப்ட்காரர் தொப்பியோடு வந்து இருந்தார். நான் துணியை விரித்து இரண்டு தகட்டையும் வைத்தேன். முதல் பெட்டியின் குறிப்பு அட்டையை மேசையில் குப்புற வைத்து, அதன் மேலே என் உள்ளங்கையை வைத்தேன். அவர் எந்த இடத்தைச் சொன்னாலும் நான் சொல்லிக் கொடுத்தது என்று யாரும் பிறகு சொல்லக்கூடாது. மேலதிகாரி கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இது உங்களுடையது. இதை எங்கே எடுத்தீர்கள்?”

அவர் தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. கதவைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பொறுமையாகக் கேட்கவேண்டும் என்று நான் வீட்டிலிருந்தே யோசித்து வந்திருந்தேன். எல்லாம் பறந்துவிட்டது.

“ஐயா, உங்கள் வயலை யாரும் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை. ஆயிரம் வருடமாகப் பிரிந்து கிடந்த சோடி இந்த மேசையில் வந்து சேர்ந்திருக்கிறது. நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் இன்னும் ஆயிரம் வருடம் இரண்டு பெட்டியில் கிடக்கும். வெள்ளிக்கிழமை எனக்கு இங்கே கடைசி நாள். அதற்குப் பிறகு உங்களிடம் கேட்பதற்கு யாரும் இருக்கமாட்டார்கள்.”

அவர் அந்த இரண்டு முகத்தையும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். மூன்று மாதத்தில் அவருடைய தலையை நான் அன்றைக்குத்தான் கண்டேன், சுத்த வழுக்கை. கோட்டின் உள்பையிலிருந்து மட்டை கிழிந்த ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். எல்லாமே எழுதி வைத்திருக்கிறார் மனிதர். இத்தனை வருடமும் அது அவருடைய நெஞ்சோடு கிடந்திருக்கிறது. பக்கத்தைத் தேடி, விரலை வைத்து வாசித்தார். ஊரின் பெயர். தண்ணீரால் மா அரைக்கும் மாவாலைக்கு ஓடும் வாய்க்கால். அதன் மேற்குக் கரை, வேலியிலிருந்து நாற்பது அடி.

“இன்னும் நினைவிருக்கிறது,” என்றார். “வாய்க்காலுக்கு மற்றப் பக்கம் பல்கலைக்கழகக் கூட்டம் ஒன்று கயிறு கட்டிக் குழி வெட்டிக்கொண்டு நின்றது. என் கருவியைக் கண்டதும் திருடனைத் துரத்துகிற மாதிரித் துரத்தினார்கள். நான் இந்தக் கரையால் நடந்தேன்.”

நான் கையை எடுத்தேன். அட்டையைத் திருப்பினேன். அதே ஊர். மாவாலை வாய்க்கால், கிழக்குக் கரை.

மேலதிகாரி வந்து அட்டையை எடுத்து இரண்டு தரம் வாசித்தார். லிஃப்ட்காரரின் புத்தகத்தையும் வாங்கி வாசித்தார். வாய்க்காலின் இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று. யாரோ ஒருவன் அந்த இடத்தில் தண்ணீரைக் கடந்திருக்கிறான், அல்லது கடக்கப் பார்த்திருக்கிறான். மேலதிகாரி சிரித்தார். இவருக்குப் பல் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தன் வேலைக் காலத்தில் பிரிந்த சோடி ஒன்று சேர்ந்ததைக் கண்டதில்லை என்றார். என்னிடம் சொல்லவில்லை, நேரே லிஃப்ட்காரரைப் பார்த்துச் சொன்னார். அவரும் நேரே இவரைப் பார்த்து, மற்றவற்றின் இடமும் இதில் இருக்கிறது என்று புத்தகத்தைத் தட்டிக் காட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கமுடியவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து, “பாத்தியோ,” என்று எனக்கே சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு தகட்டுக்கும் சேர்த்து ஒரே அட்டை எழுதினேன். ‘அங்கவடித் தகடுகள், சோடி. இடது, வலது. இடதின் ஓட்டை ஏறும் பாரத்தால் இழுபட்டது.’ எங்கே கிடைத்தது என்ற வரியில் இரண்டு கரையையும் எழுதினேன். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் குழுவையும் லிஃப்ட்காரரையும் ஒன்றாக எழுதினேன். மூலைப் பெட்டியை வெறுமையாக விட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலதிகாரி சிவப்புப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் வாசித்தார். ஒரு கோடும் விழவில்லை.

“இந்தப் பெட்டி வெறுமையாக இருக்கிறது.”

“நான்காவது விதி,” என்றேன். குரல் கொஞ்சம் விறைப்பாகத்தான் வந்தது.

அவர் எழுந்து சுவரடிக்குப் போனார். நான்காவது விதியின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் சிவப்புக் கோடு ஒன்று இழுத்தார். திரும்பி வந்து தன் பேனையைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

“திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்தால் போதும். எட்டு மணிக்குக் குளிரில் நிற்கவேண்டாம்.”

அந்தப் பெட்டிக்குள், ஊரில் சரித்திரக் கொப்பிகளின் அடியில் எப்படிப் போடுவேனோ அப்படியே போட்டேன். முதலில் அப்பாவின் எழுத்து, பிறகு என் எழுத்து. அந்த உறைக்குள் கடைசியில் போனது மேலதிகாரி லிஃப்ட்காரருக்கு எழுதிய கடிதம். ஆறு வருடத்தில் அவருக்கு முதல் முதல் எழுதிய நன்றி அது.

அட்டையில் ஒரு போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டினேன். கணவர் வேலையால் வந்தார், புருவத்தில் கோதுமை மாவோடு. கோட்டைக்கூடக் கழற்றாமல் அட்டைக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழ்வரை வாசித்தார். மூலையில் வந்து நின்றார். குனிந்து திரும்பவும் பார்த்தார்.

“இஞ்சருமப்பா, இதிலை என்ரை எழுத்தைக் காணேல்லை.”

“குதிரையிலை ஏறினது நான்,” என்றேன்.